வெப்ப அறையில் நீ கற்ற பொறுமை

எனக்கு முன்னே பிறந்து எனக்கு முன்னே போய்விட்ட என் அன்பு அக்கா,

நீ போன அதே மாடியறைக்குத்தான் இப்போது நானும் போகிறேன். கோட்டாற்றில், துணிக்கடைக்கு மேலே, கதவடைத்துச் சூடேற்றிய அறை. ஊரார் ‘ஹாட் யோகா’ என்பார்கள். நான் வெப்ப ஓகம் என்கிறேன். நம் ஊர் வெயில் போதாதென்று காசு கொடுத்துப் புழுங்கப் போகிறாயா என்று உன்னை எள்ளி நகைத்தவன், இன்று சட்டையைப் பிழிந்துகொண்டு படியிறங்குகிறேன். சிரித்துக்கொள்.

மேடையேறினால் தீ கக்கும் எனக்கு நீ சொன்னது நினைவிருக்கிறதா? “லே மக்கா, சூட்டோட சண்டைக்குப் போவாத. அது பாட்டுக்கு இருக்கட்டு, நீ மூச்ச விடு.” அந்தப் பயிற்சிதான் பொறுமை தந்தது என்பாய். உன் கணவர், என் அத்தான், குரலை உயர்த்தினாலும் மெல்ல மூச்சுவிட்டபடி நிற்பாய்.

அந்தப் பொறுமையைத்தான் நான் வெறுத்தேன், அக்கா. உன் புதுமனைப் புகுவிழாவில் நெஞ்சு இறுகுகிறது என்று மகள் கயல்விழியிடம் மட்டும் சொன்னாய். மருத்துவமனைக்குப் போவோம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தபோது, “கடைசிப் பந்தி முடியட்டு, மக்ளே” என்றாயாம். விருந்தினர் உண்டபின் கடைசிப் பந்தியில் வீட்டுப் பெண்கள் உண்பதுதானே நம் வழக்கம்? எல்லார்க்கும் பிரதமன் பாயசம் விளம்பிவிட்டு, சமையல் நடந்த ஆக்குப்புரையின் தூணில் சாய்ந்தாய். எழவில்லை. உனக்கு இலை விரிக்கப்படவே இல்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில் வந்தவர் எல்லாரும் உன் பொறுமையைப் புகழ்ந்தார்கள். அத்தான் ஒலிவாங்கியை என் கையில் தந்து, “பொறுமைக்கு ஒங்க அக்காதான்னு நாலு வார்த்த சொல்லுங்க, மாப்ளே” என்றார். பெருங்கூட்டங்களில் நாக்குழறாத நான் ஒரு சொல்லுமின்றி அதைத் திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்திருந்தால் அந்தப் பந்தலே எரிந்திருக்கும்.

அந்தச் சினத்தோடுதான் மாடியேறினேன். பயிற்சி தரும் அம்மையாரிடம், எதையும் தாங்கு என்று கற்பித்து என் அக்காவைக் கொன்றீர்கள் என்றேன். அவர் முகம் மாறவில்லை. “ஒங்க அக்காவா? தல சுத்துனா ஒடனே எந்திச்சி வெளிய போயிருவாவ. என்னட்ட கேக்கவே மாட்டாவ. இங்க மொதப் பாடமே அதுதான்.”

அப்படியானால், எங்கே தாங்குவது, எங்கே எழுவது என்பது உனக்குத் தெரிந்தே இருந்தது. அயலார் நடுவே தயங்காமல் எழுந்த நீ, உன் வீட்டில் ஏன் எழவில்லை? எழவிடாமல் செய்தவர்கள் நாங்கள்தாமே?

பயிற்சியைத் தொடர்கிறேன். எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை இப்போது என்னால் வாய்மூடி நிற்க முடிகிறது. உன் ஆண்டு நினைவு விருந்து நெருங்குகிறது. விளம்பும் பொறுப்பைக் கயலிடம் கொடுத்திருக்கிறார்கள். தாயைப் போலவே பொறுமைசாலி என்று அதற்குள் பெயர் வாங்கிவிட்டாள். அந்தப் புகழ் என் காதில் கொள்ளியாய் விழுகிறது. “நீ எப்போது உண்பாய்?” என்று நேற்று அவளைக் கேட்டேன். “எனக்கென்ன மாமா, எல்லாரும் சாப்பிட்டு முடியட்டு” என்றாள்.

உனக்கு உறுதி கூறுகிறேன். அன்று நான் முழங்க மாட்டேன். முதற்பந்தியில் என் பக்கத்தில் கயலுக்கு ஓர் இலை போடச் சொல்வேன். அவள் வந்து அமரும்வரை சோற்றில் கைவைக்க மாட்டேன். அத்தான் சினக்கட்டும், சுற்றத்தார் முணுமுணுக்கட்டும், சோறு ஆறட்டும். எத்தனை நேரமானாலும் அசையாமல் இருப்பேன். அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உன் பின்பிறந்த தம்பி