பிளக்கைப் பிடுங்கிய கை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது, அதை விடு. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ முகம் சுளிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொன்னால் நாலு வார்த்தை பேசுவதற்குள் குறுக்கே பாய்வாய், கடிதம் என்றால் வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். அதுவும் நீதான் இப்போது என் போனையே எடுப்பதில்லையே. கடையில் திருடிய பெண்ணைத் தண்டனையிலிருந்து அம்மாவே காப்பாற்றிவிட்டாள் என்று சித்தி உன்னிடம் வத்தி வைத்தது எனக்குத் தெரியும். அவள் சொன்னது பாதி, மீதியை நான் சொல்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உனக்குச் சொன்னவர் உன் அப்பா, அதனால் மறுபடியும் முதலிலிருந்து வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சித்தி வீட்டில் இருந்தேன். உன் அப்பா தன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நம் சலவைக் கடையைப் பூட்டிவிட்டு, எதிரே சலூனில் டிவியில் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார். அந்த நேரம் பார்த்து இரண்டு தடியன்கள் பின்பக்கத்துச் சின்ன ஜன்னல் வழியாகப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியை உள்ளே இறக்கிக் கதவைத் திறக்க வைத்து, வாடிக்கையாளர்களின் கோட்டுகளையும் ஒருத்தியின் கல்யாண உடையையும் வாரிக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் அப்புறம் வேறு இடத்தில் பிடிபட்டார்கள், அந்தப் பெண் மட்டும் கடைக்குள்ளேயே, புகையைப் பார்த்து ஓடி வந்த அப்பாவிடம் மாட்டினாள். தேய்க்கிற மேசையில் ஒரு படுக்கை விரிப்பு கருகிக் கிடந்தது. அப்பா போலீசிடம், "நான் அயர்ன் பாக்ஸை ஆஃப் பண்ணிட்டுத்தாங்க போனேன், இவங்கதான் அதை ஆன் பண்ணிக் கடையைக் கொளுத்தப் பாத்திருக்காங்க, நான் மட்டும் ஓடி வந்து அணைக்கலைன்னா இந்தத் தெருவே போயிருக்கும்" என்று எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவர்தான் தெருவுக்கே ஹீரோ. சலூனுக்கு முடி வெட்ட வருகிறவனெல்லாம் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போக முடியும். நீகூட உன் ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாயே.

அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம், அதனால் உனக்கும் எழுதமாட்டேன். அந்த ஜன்னலில் நுழைந்தவள் என்பதால் நானே குருவி என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். சிறார் நீதிமன்றத்தில் எங்களைக் கூப்பிட்டிருந்த அன்று நான் சினிமாவில் வருகிற மாதிரி பேசுவதற்குக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுப் போனேன். போனால் கூண்டும் இல்லை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸ் மாதிரி ஒரு அறை, ஒரு நீள மேசை, ஒரு தண்ணீர் ஜாடி, போலீஸ்காரர்கூட யூனிபார்ம் இல்லாமல் கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று, கனம் நீதிபதி அவர்களே என்று தொண்டையைத் திறந்தேன், எதிரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நீதிபதி அம்மாள், "உக்காருங்கம்மா, பக்கத்துலதான் இருக்கேன்" என்றார். மானம் போயிற்று.

குருவி திருடினாளா இல்லையா என்பது அன்றைக்குக் கேள்வியே இல்லை, அதை அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள். வழக்கை எங்கே நடத்துவது என்பதுதான் கேள்வி. வெறும் திருட்டு என்றால் அங்கேயே முடிப்பார்களாம். தீ வைக்கப் பார்த்ததும் சேர்ந்தால் அது பெரிய குற்றம், பெரியவர்களை விசாரிக்கிற கோர்ட்டுக்கு அனுப்பிவிடலாம், அங்கே தீர்ப்பானால் வருஷக்கணக்கில் ஜெயில். அப்படி அனுப்பத்தான் வேண்டும் என்று அரசு வக்கீல் கேட்டார். உன் வயதுப் பெண்தான், கெட்டிக்காரி, ஒரு வார்த்தைகூட வீணாகப் பேசவில்லை. நீயும் முதல்நாள் போனில், சின்னப் பெண் என்று இரக்கப்பட்டு விட்டுவிடாதே, நாளைக்கு இன்னொரு கடையை எரிப்பாள் என்றாய், நானும் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனேன். குருவி ஆரம்பத்திலிருந்தே ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அயர்ன் பாக்ஸ் முன்னாடியே சூடாக இருந்தது, கோட்டுகளை இழுத்த வேகத்தில் அந்த ஆட்கள் அதைத் தள்ளிவிட்டார்கள், வெளியே ஓடும்போது புகையைப் பார்த்து நான் மட்டும் திரும்பி உள்ளே போய் அணைத்தேன், அதனால்தான் மாட்டினேன் என்று. யார் நம்புவார்கள்? கடைக்காரரே வேறு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறாரே.

அப்புறம் வக்கீல் போலீஸ் எடுத்த போட்டோவை என் முன்னால் வைத்தார். கருகின விரிப்பு, நிமிர்த்தி வைத்த அயர்ன் பாக்ஸ், கீழே தரையில் பிடுங்கிப் போட்ட பிளக். என் கண் அந்தப் பிளக்கிலேயே நின்றுவிட்டது. நம் அயர்ன் பாக்ஸின் திருகு உடைந்து எத்தனை காலம் ஆயிற்று என்று உனக்கே தெரியும், பிளக்கைப் பிடுங்கினால்தான் அது அணையும். பிளக் பாயிண்ட் மேசைக்கு அடியில், சோப்பு மூட்டைகளுக்குப் பின்னால், சுவரோடு இருக்கிறது. தவழ்ந்து போய்த்தான் எட்ட வேண்டும், உன் அப்பாவின் தொப்பை அதற்கு இடம் கொடுக்காது. தினமும் கடையைச் சாத்தும்போது, "ஏய், வந்து பிளக்கைப் பிடுங்கு" என்று என்னைத்தான் கத்திக் கூப்பிடுவார். அந்தப் பிளக்கும் அவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. என் வாய்தான் உனக்குத் தெரியுமே, இடம் பொருள் பார்க்காது. அத்தனை பேர் நடுவில் திரும்பி, "ஏங்க, அன்னைக்கு நான் வீட்லயே இல்லையே, பிளக்கைப் பிடுங்கினது யாரு?" என்று கேட்டுவிட்டேன்.

உன் அப்பா ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். இன்னொரு தடவை ஊற்றிக் குடித்தார். அப்புறம் மேசையைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டம் ஆரம்பிச்சுடுச்சுன்னு அப்படியே விட்டுட்டுப் போயிட்டேன்" என்றார். அப்படியானால் அணைத்தது யார் என்று நீதிபதி அம்மாள் மெதுவாகக் கேட்டார், இவர் குருவியின் பக்கம் கையைக் காட்டினார். குருவியின் அம்மா ஹோட்டலில் தரை துடைக்கிறவள், அவள் மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். ஒத்திகை பார்த்ததை மட்டும் பேசிவிட்டு வந்திருந்தால் என் வாயாலேயே ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பியிருப்பேன். அந்த வக்கீல் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கொஞ்சமும் வீம்பு பிடிக்காமல் எழுந்து, தீ வைத்த குற்றத்தை இனி நான் வலியுறுத்தவில்லை என்று சொல்லிவிட்டார்.

ஆகவே வழக்கு அங்கேயே நின்றது. திருட்டுக்கு உண்டானதை அவள் செய்துதான் ஆக வேண்டும். கண்காணிப்பு அலுவலர் ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும், நிறுத்திய படிப்பைத் தொடர வேண்டும், சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டும். இதுதான் தண்டனையா என்று நான் கேட்டதற்கு, "இங்க தண்டனைன்னு சொல்றதில்லைம்மா, அடுத்து என்ன செய்யணும்னு சொல்றோம்" என்றார் நீதிபதி அம்மாள். அந்தச் சனிக்கிழமை வேலையை உங்கள் கடையிலேயே கொடுக்க முடியுமா என்றும் கேட்டார்கள், முடியாது என்று பட்டென்று சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் தியாகி இல்லை, கல்யாண உடைக்காரி என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் விரிப்பு மடிக்கிற வேலையில் போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் அலுவலரோடு மன்னிப்புக் கேட்க வந்தாள். நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். தரையைப் பார்த்தபடி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். படிப்பு எப்படிப் போகிறது என்றேன், கணக்கு மட்டும் உதைக்கிறது என்றாள். போகிற போது வாசலில் நின்று, "அந்த பிளக் பாயிண்டை மேல வெச்சுடுங்க ஆன்ட்டி, உள்ள புகுந்து எடுக்கறதுக்குள்ள எனக்கு மூச்சே முட்டிடுச்சு" என்றாள். அவள் போனதும் நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்துச் சுவரில் மேலே வைத்தாயிற்று. இப்போது உன் அப்பா தானே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். இந்த அழகில் நான் எப்படிக் கோபமாக இருப்பது?

நீ கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுசாகத் தெரிந்துகொண்டு கோபப்படு. அப்புறம் போனை எடு. வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை ராத்திரி கண் விழித்துக் கம்ப்யூட்டரைப் பார்க்க விடாதே, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அயர்ன் பாக்ஸை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். உன் ஆபீசில் நீ சொன்ன ஹீரோ கதையைத் திருத்த வேண்டியவர் உன் அப்பாதான், அதனால் பேனாவை அவர் கையில் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

மகளே, அம்மா எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. ஒன்று மட்டும் அவளுக்கும் தெரியாது, அவள் படிக்கட்டும் என்றுதான் இதிலேயே எழுதுகிறேன். நான் உள்ளே ஓடியபோது தீ இல்லை, புகைதான் இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது, அந்தப் பெண் ஓடியிருக்கலாம். நான் பதற்றத்தில் அயர்ன் பாக்ஸைத் தூக்கக் கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "தொடாதீங்க அங்கிள், இன்னும் சூடா இருக்கு" என்றாள். அந்தக் கையைத்தான் நான் இறுக்கிப் பிடித்துப் போலீசில் கொடுத்தேன்.

அப்பா