கம்பத்துக்கு வெளியே போன பந்து

நேற்று தருமபுரி பேருந்து நிலையத்தில் செருப்பு வார் அறுந்துபோய், தைப்பவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் நனைந்த தோல் ஒன்றுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் சைக்கிள் கடை அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அவர் செருப்பைத் தைத்து நீட்டி இரண்டு முறை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை. எண்பதைத் தாண்டிய கிழவன் நடு வெயிலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "தூசி விழுந்துடுச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு நாள் வாய்த்தது. நீ சொல்லவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஊர்க் கால்பந்து அந்தக் காலத்தில் உன் கடையில்தான் குடியிருந்தது. வாடகை சைக்கிள்கள் ஆறும் வெளியே வெயிலில் நிற்கும். பந்து மட்டும் உள்ளே, பலகை மேல், துணி விரித்து. மழையில் நனைந்தால் தோல் கல்லாக இறுகிவிடும் என்று எண்ணெய் தடவித் தடவி வைத்திருப்பாய். உள்ளே இருக்கும் பிளாடர் கிழிந்தால் டியூபுக்கு ஒட்டுகிற மாதிரியே ஒட்டி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, காதோரம் வைத்துக் கேட்பாய். இத்தனைக்கும் நீ ஒரு நாளும் ஆடியதில்லை. உன் இடது காலும் வலது காலும் பேசிக்கொள்வதில்லை என்று நீயே சொல்வாய். எனக்குப் பத்தடி ஓடினால் மூச்சு வாங்கும். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கே பந்து உருண்டாலும் கோட்டுக்கு வெளியே நாம் இருவரும் இருப்போம். ஒரு சைக்கிளில் இரண்டு பேர். மேடு வந்தால் நான் மிதிக்க வேண்டும், சரிவு வந்தால் நீ. வழியெல்லாம் சரிவாக இருந்த மாதிரி நீ சொல்லுவாய், மேடாக இருந்த மாதிரி நான் சொல்லுவேன்.

நாட்டு அணி ஆடுகிற செய்தியெல்லாம் நமக்கு டீக்கடை ரேடியோவில்தான் வந்தது. கல்கத்தாவிலிருந்து வரும் வர்ணனை முக்கால்வாசி இரைச்சல், மீதி ஆங்கிலம். வாத்தியார் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த நான் மொழிபெயர்க்க வேண்டியவன். என்னால் முடியாத இடத்தில் நீ கையமர்த்துவாய். "கோல் விழுந்தா சத்தம் முன்னாடி வரும்டா, பேரு பின்னாடி வரும். நீ சத்தத்தைக் கேளு" என்பாய். அறுபத்திரண்டில் ஆசியப் போட்டியில் நாம் தங்கம் வாங்கிய செய்தி மதியப் பேருந்தில் பேப்பராக வந்தபோது, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை விரித்துப் பிடித்தபடி தெருத் தெருவாக நடந்தாய். களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்தவர்களிடம்கூட நிறுத்திக் காட்டினாய். யாருக்கு என்ன கிடைத்தது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நல்ல சேதி என்று மட்டும் தெரிந்து சிரித்தார்கள்.

தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து இரண்டாம் வருடம் அந்த ஈஸ்டர் வந்தது. மாதா கோயில் மைதானத்தில் நடக்கும் போட்டியில் நம் ஊர் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. எதிரே மாரண்டஹள்ளி. நம் அணியின் கேப்டனுக்குத்தான் என் தங்கையைப் பேசி முடித்திருந்தோம். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, ஒரு மாதத்தில் கல்யாணம். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. முன்பு இரண்டு வரன்கள் கைகூடாமல் போய், அம்மா சோறு இறங்காமல் கிடந்தது உனக்குத் தெரியும்.

வலை வாங்க ஊரில் வசதியில்லை. இரண்டு சவுக்குக் கம்பம், மேலே ஒரு மூங்கில், அதுதான் கோல். பந்து பின்னால் போனால் எடுத்துக்கொடுக்க உன்னையும் என்னையும் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். இரண்டு அணியும் ஒப்புக்கொண்ட ஆட்கள் நாம். உன்னைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆட்டம் முடியச் சில நிமிடம்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. கேப்டன் ஓடி வந்து வலது காலால் அடித்தார். பந்து கம்பத்தை ஒட்டி வந்து நம் இருவருக்கும் நடுவில் புகுந்து போனது. ஊரே கத்திக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. மாரண்டஹள்ளிக்காரர்கள் வெளியே போனது என்று நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் சேலத்திலிருந்து வந்த டிரில் மாஸ்டர். பந்து அடிக்கும்போது அவர் தூரத்தில் இருந்தார். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நம்மிடம் வந்தார். உள்ளே போனதா, வெளியே போனதா என்று கேட்டார்.

நீ யோசிக்கவில்லை.

"வெளியிலதாங்க போச்சு. ஒரு ஜாண் வெளியில."

அதுவரை இருந்த கூச்சல் சட்டென்று அடங்கியது. கேப்டனின் அண்ணன் உன்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, வாத்தியாரே."

"நான் சரியாப் பார்க்கலீங்க," என்றேன். "வெயில் கண்ணுல அடிச்சுது."

வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. நீ ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு குனிந்து பந்தைத் தேடப் போய்விட்டாய்.

கோல் இல்லை என்று நடுவர் முடிவு சொன்னார். அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் மாரண்டஹள்ளி ஒரு கோல் போட்டு ஜெயித்தது.

உன்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் இரண்டு நாளில் ஆறியிருக்கும். ஊர் உன் கடைக்கு வருவதை நிறுத்தியது. பஞ்சர் ஆன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி வரை நடந்தார்கள், உன்னிடம் கொடுக்கவில்லை. சொந்த ஊர்க்காரனே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று டீக்கடையில் உன் காதுபடப் பேசினார்கள். அதையெல்லாம் நீ தாங்கிக்கொண்டாய். மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்து பலகை மேலிருந்த பந்தை எடுத்துப்போனபோதுதான் நீ உடைந்துபோனாய் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். நான் அப்போது அங்கே இல்லை. எட்டு நாள் கழித்துத்தான் உன் கடைப்பக்கம் வந்தேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நீ ஸ்டூலைத் தள்ளிப்போட்டு, பந்தல்காரருக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டாய். ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, பந்தல் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். மாப்பிள்ளை வீட்டார் உன்னோடு பேசவில்லை. என் தங்கை மட்டும் உன்னிடம் வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டாள். மழைக்காலம் தொடங்குமுன் சைக்கிள்களை விற்றுவிட்டுப் பெங்களூர் போய்விட்டாய். ஒரு தொழிற்சாலை வாசலில் மறுபடி சைக்கிள் கடை. அங்கேயே ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொண்டாய்.

அதன் பிறகு நீ அனுப்பிய தபால் கார்டுகளில் பந்தைத் தவிர வேறு பேச்சு இருக்காது. எழுபதில் ஆசியப் போட்டியில் நமக்கு வெண்கலம் கிடைத்தபோது, தங்கம் வாங்கியவர்களுக்கு வெண்கலம் கசக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான் என்று எழுதினாய். ஒவ்வொரு கார்டின் அடியிலும் நம் ஊர் அணி எப்படி ஆடுகிறது என்று ஒரு வரி கேட்டிருப்பாய். உன்னைத் துரத்திய ஊர் அது. தோற்றது என்று நான் எழுதினால் அடுத்த கார்டில் உன் கையெழுத்தே சோர்ந்திருக்கும்.

மாநில அணிகள் மோதும் பெரிய போட்டி பெங்களூரில் நடந்தபோது ஒரே ஒரு முறை வந்தேன். நம் மாநிலத்துக்கும் மைசூர் மாநிலத்துக்கும் ஆட்டம். சிமெண்ட் படியில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். சுற்றிலும் கன்னடத்தில் கத்துகிறார்கள், நீ ஒற்றை ஆளாகத் தமிழில் கத்துகிறாய். பழையபடி சந்தோஷமாக இருந்தாய். இதை விட்டால் முடியாது என்று நினைத்து, "மாப்ள, அன்னிக்கு ஈஸ்டர் மேட்ச்ல..." என்று ஆரம்பித்தேன்.

நீ மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மேட்ச் ஓடுதுடா. பந்தப் பாரு."

உனக்கு அந்தப் பேச்சைக் கேட்கவே பிடிக்கவில்லை, இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கடைசிக் கார்டு ஒரு புதன்கிழமை வந்தது. எழுத்து சரிந்திருந்தது. மஞ்சள்காமாலை, பயப்பட ஒன்றுமில்லை, முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் மறுபடியும் இறுதி ஆட்டத்தில் இருந்தது. அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். வெறுங்கையோடு போவானேன், திங்கட்கிழமை ஜெயித்த சேதியோடு போனால் பாதி நோய் ஓடிவிடும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், நம்பு.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஜெயித்தது. இரண்டு கோல். திங்கட்கிழமை முதல் பேருந்தில் ஏறி, ஓசூர் தாண்டும் வரை அந்த இரண்டு கோலையும் உனக்கு எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். உன் கடை பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டாய், சாயங்காலமே அடக்கமும் முடிந்துவிட்டது என்றார்கள். அந்தச் சாயங்காலம் நான் நம் மைதானத்தில் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

உன் மனைவி என்னைப் பார்த்ததும் அழவில்லை.

"ஜெயிச்சாங்களா ண்ணா?" என்று கேட்டார். "கடைசி வரைக்கும் அதத்தான் கேட்டுட்டு இருந்தாரு. அவன் சும்மா வர மாட்டான், ரிசல்ட்டோடதான் வருவான்னு சொன்னாரு."

ஜெயித்தோம் என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொன்னேன். அன்றைக்கு நானும் பார்த்தேன், பந்து வெளியேதான் போனது என்று சொன்னேன்.

"அவருக்குத் தெரியுங்க ண்ணா. கல்யாணமான புதுசுலயே சொல்லியிருக்காரு. 'அவன் கண்ணு என் கண்ணவிட நல்ல கண்ணு, பார்க்காம இருப்பானா? தங்கச்சி கல்யாணம் வெச்சிருந்தாங்க. அவன அந்த நடுவரு கேட்டிருக்கவே கூடாது'ன்னு சொல்லுவாரு."

என் தங்கை நன்றாக வாழ்ந்தாள். அந்தக் கேப்டன் நல்ல மனிதர். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன், அன்றைக்குப் பந்து எங்கே போனது என்று. "வெளியிலதான் மச்சான் போச்சு. அடிச்ச எனக்குத் தெரியாதா?" என்றார். அதை நான் அப்போதே சொல்லியிருந்தால் கல்யாணத்தை நிறுத்தியிருப்பீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "பந்துக்கும் பொண்ணுக்கும் என்ன மச்சான் சம்பந்தம்?"

நான் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன்.

மூன்று பேருக்கும் தெரிந்த ஒன்றை நீ ஒருவன்தான் சொன்னாய். சொன்னதற்கு ஊரை விட்டுப் போனாய். போன இடத்திலிருந்தும் என் பக்கத்து நியாயத்தை நீயே எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாய். நீ ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருக்கலாம், மாப்ள. திட்டியிருந்தால் காலில் விழுந்து கேட்டிருப்பேன், ஏதாவது ஒரு நாளில் இறக்கி வைத்திருப்பேன். நீ கேட்காமலேயே மன்னித்துவிட்டாய். அதை எங்கே இறக்கி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.