ஒரு மணி நேரம் ஏழையா இரு நைனா

நைனா,

எனக்கு காலேஜ்ல பரீட்சை, கெளம்பிட்டேன். நைட் ஷிப்ட் முடிச்சு அசந்து தூங்குற, எழுப்ப மனசு வரல.

பதினோரு மணிக்கு ஸ்காலர்ஷிப் ஆபீசர் வூட்டப் பாக்க வர்றாரு. நாம நெசமாவே கஷ்டப்படுறோமானு பாக்க வர்றாரு, என்னைப் பொண்ணு பாக்க இல்ல. அதனால ரமாபாய் அக்கா வூட்லேர்ந்து நேத்து நீ தூக்கினு வந்த சோபாவையும் பெரிய டிவியையும் மொதல்ல திருப்பிக் குடுத்துடு. செவுத்து விரிசல மறைக்க மாட்டுன காலண்டரைக் கழட்டிடு. பிரியாணி வாங்காத, டீ போதும். "எங்களுக்கு இன்னா கொறைச்சல்"னு மட்டும் ஆரம்பிக்காத, என் லண்டன் படிப்பு ஊத்திக்கும்.

சாவி ஆணில கீது. மீன் கொழம்பு மூடி வச்சிருக்கேன்.

ஃபாரத்துல கஷ்டப்படுறோம்னு எழுதுனது உனக்கு அவமானம்னு தெரியும். நேத்து கத்துனதுக்கு மன்னிச்சிக்கோ. ஆனா நீயும் கத்துன.

மதி

எடம் இல்ல, ஓரத்துல எழுதறேன். கடைசியா அவரு, "பொண்ண அவ்ளோ தூரம் அனுப்ப சம்மதமா?"னு கேப்பாரு. அழுவாத நைனா. நேத்து என்னாண்ட "எங்கனா போய்த் தொலை"ன்னியே, அதையே கொஞ்சம் மரியாதையா சொல்லு.