திரையில் தெரிந்த கடவுச்சொல்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டாய். சளி என்றேன், அழுதேன் என்று சொல்லவில்லை. உன் முட்டிவலி தேவலையா?

பயப்படாதே, ஆபீஸில் ஒரு தப்பு செய்துவிட்டேன், அவ்வளவுதான். எல்லாத் தகவல்களும் இருக்கும் எங்கள் பொதுக் கணினியான சர்வரின் கடவுச்சொல்லைத் தனிக் கோப்பில் மறைத்து வைப்பதுதான் முறை. அலுப்பில் நான் அதைக் கணினிக்கு இடும் கட்டளையோடு சேர்த்தே தட்டிவிட்டேன். அப்போது ஆன்லைன் மீட்டிங்கில் என் திரையை வாடிக்கையாளர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கதவ நல்லாப் பூட்டிட்டு சாவிய அதுலயே தொங்க விட்டுட்டியேம்மா!" என்றார் டீம் லீடர். எல்லாரும் சிரித்தார்கள். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே நானும் சிரித்தேன்.

என் பழைய தலையணை உறையை அனுப்பு, துவைக்க வேண்டாம். பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு.: கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பாய். கடவுச்சொல்லை உடனே மாற்றிவிட்டோம். வேலை போகவில்லை. அந்த சர்வரைத் தொடும் அனுமதியை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.