பால் ஒளித்த பசுவும் நீங்களும்

மச்சாள்,

நேற்று ஸ்ட்ரோம்மனில் ரயிலுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருவர் வந்து நின்றார். ரப்பர் சப்பாத்து, முழங்கால்வரை காய்ந்த சேறு. அவரிடமிருந்து ஒரு மணம் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக்கில் உருட்டிக் கட்டிப் புளிக்க வைக்கிற புல்லின் மணம். கடைத்தொகுதியிலிருந்து பைகளோடு வந்த சனம் மூக்கைச் சுளித்துக்கொண்டு விலகியது. நான் இன்னும் கிட்டப் போனேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ரயில் வந்தது, அவர் ஏறினார், நான் ஏறவில்லை. ஏனென்று கேட்காதீர்கள். அடுத்த ரயில் வரும்வரை மேடையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நீங்கள் ஓலாவின் பண்ணைக்கு வேலைக்குப் போனது இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. ஓலாவ் பெண்சாதி பிள்ளையில்லாத தனிக்கட்டை. ஒரு டசின் சிவப்பு மாடுகள்தான் அவருக்கு எல்லாம். வார இறுதியில் அவர் கொஞ்சம் இளைப்பாற, அவருக்குப் பதிலாக நின்று பால் கறந்து சாணி தள்ள ஒரு அவ்லூசர் வேண்டியிருந்தது. கிழமை முழுக்க முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று கால் வீங்கிப்போன நீங்கள், சனி ஞாயிறுக்கு அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள். அண்ணா பல நாள் உங்களோடு கதைக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவன் பெண்சாதி மாட்டுக்கொட்டிலில் நிற்பதாவது என்ற ரோசம். தமிழ்ப் பூசைக்கு உங்களைக் காணாததால் கோயில் வாசலிலும் கதை கிளம்பியது. நீங்கள் சிரித்தீர்கள். "பால் கட்டின மாட்டை விட்டிட்டுப் பூசைக்குப் போனால் மாதாவே என்னைத் திருப்பி அனுப்புவா" என்றீர்கள்.

என்னையும் இழுத்துக்கொண்டு போனது ஏனென்று எனக்குத் தெரியும். ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கிய காலம் அது. அம்மா மன்னாரில். தொலைபேசி அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் இன்னொரு பயம். ரொம்மனில் இருந்த வீட்டில் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நான் நடக்கிற நடையில், கீழ்வீட்டு மனிசி ஒருநாள் ஏறிவந்து மெதுவாக நடக்கச் சொல்லிவிட்டுப் போனா. "உனக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு. வந்து சாணியைத் தள்ளு, சில்லு தேயட்டும்" என்றீர்கள். சில்லு தேயவில்லை, மச்சாள். ஆனால் கொட்டிலுக்குள் நிற்கும் நேரத்தில் மட்டும் தொலைபேசியை மறந்திருந்தேன்.

ஓலாவ் அதிகம் கதைக்காத மனிதர். உங்கள் நொர்வேஜிய மொழியும் மாடுகளிடம் பெரிதாக எடுபடவில்லை. "தள்ளடி அங்காலை" என்று தமிழில் அதட்டினால் உடனே விலகின. அங்கே உங்களுக்கு ஒத்துவராத காரியம் ஒன்றே ஒன்றுதான். கன்று விழுந்தவுடன் தாயிடமிருந்து பிரித்து வேறு அறையில் விட்டுவிடுவார்கள். பிறகு வாளியில் பால். வாளிக்குள் கையை விட்டு, விரலைக் கன்றின் வாய்க்குள் வைத்துச் சூப்பப் பழக்கவேண்டும். அதை நீங்கள் ஒழுங்காகத்தான் செய்தீர்கள், முகத்தை மட்டும் மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு.

அந்த மாரியில் ஓலாவுக்கு இடுப்பு ஒப்பரேஷன். வருட விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டு நீங்கள் பண்ணையிலேயே தங்கினீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன கையோடு மாடுகளில் ஒருத்தி, ரோசா, ஈன்றாள். தலைக்கன்று, ஆண் கன்று, நாம்பன். கறவை மெசினை மாட்டப் போனால் உதைத்துத் தள்ளினாள். உதை ஓய்ந்தபோது பாலை ஒளித்துக்கொண்டாள். மடி கல்லுப்போல இறுகியது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார், அன்றைக்குப் பால் வந்தது, மறுநாள் இல்லை. மடியில் நோய் பிடித்தால் போச்சு என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். தொலைபேசியில் ஓலாவ் சொன்னது ஒன்றுதான்: பொறுமையாக முயன்று பார், கன்றை மட்டும் கிட்டக் கொண்டுபோகாதே, ஒருமுறை பழகினால் பிறகு கன்றில்லாமல் பால் விடமாட்டாள்.

நீங்கள் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"கண்டுக்குட்டி வாய் வைக்காமல் பால் எப்பிடியடி இறங்கும்? உது இவைக்கு விளங்காது."

கன்றை அவிழ்த்துக்கொண்டு வந்தீர்கள். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் செய்வதுபோல, காம்புக்குக் காம்பு கொஞ்சம் ஊட்டவிட்டு, பிறகு இழுத்துத் தாயின் முகத்தடியில் கட்டினீர்கள். ரோசா கன்றை நக்கத் தொடங்கினாள். மெசினின் குழாய் வெள்ளையாகிப் போனது. நான் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

ஆனால் ஓலாவ் சொன்னதுதான் நடந்தது. கன்றைக் காட்டினால் பால், காட்டாவிட்டால் ஒரு சொட்டும் இல்லை. கறந்து முடித்துக் கன்றைக் கொண்டுபோனால் கதறுவாள். அவள் கதற, மற்ற மாடுகளும் சங்கிலியை இழுக்கும். நான் வரும் நாட்களில் கொட்டிலே கொதித்துக்கொண்டிருந்தது. "பழகிடும், பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தீர்கள். மாடு பழகவில்லை, நீங்கள்தான் மெலிந்தீர்கள்.

ஓலாவ் இரண்டு ஊன்றுகோலில் வீடு திரும்பியதும் கொட்டில் வாசலில் கதிரை போட்டு இருந்து ஒரு தரம் பார்த்தார், விளங்கிவிட்டது. அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாம்பன் கன்று வளர்ப்புக்கு விலைப்பட்டுவிட்டது, அடுத்த கிழமை லொறி வரும் என்றார். அதற்குள் ரோசா கன்றில்லாமல் கறந்தால் நிற்கட்டும், இல்லாவிட்டால் அதே லொறியில் அவளும் இறைச்சிக்குப் போகவேண்டியதுதான், பால் தராத மாட்டை வைத்திருக்கத் தன்னால் முடியாது என்றார். நியாயம்தான். அந்த நியாயம்தான் உங்களைச் சாப்பிடவிடாமல் செய்தது. "அவளைக் கெடுத்தது நான், நானே கொல்லக் குடுக்கிறதோ" என்று கேட்டுக் கேட்டு அண்ணாவைத் தொலைபேசியில் நித்திரை கொள்ளவிடவில்லை நீங்கள்.

லொறி வருவதற்கு முதல் நாட்களில் என்னதான் செய்யவில்லை நீங்கள். உப்பு நக்கக் கொடுத்தீர்கள், மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்கள், செபமாலைகூடச் சொன்னீர்கள். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கன்றைக் கொண்டுவந்துதான் கறக்கவேண்டியிருந்தது.

லொறி வந்த அன்று விடிந்ததும் நான் வந்துவிட்டேன். பின்பக்கமாக அது கொட்டில் வாசலுக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது உங்களைக் காணவில்லை. தேடிப் போனால் கன்றுகளின் அறையில் வைக்கோலுக்குள் இருக்கிறீர்கள். கன்றைக் கட்டிப்பிடித்து, அதன் முதுகு, கழுத்து, நுரை வழிகிற வாய் எல்லாவற்றையும் உங்கள் நீல வேலையுடுப்பில் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். எழும்பி வந்து ரோசாவின் தலைமாட்டில் நின்றீர்கள். "மெசினை மாட்டு" என்றீர்கள். மாட்டினேன்.

ரோசா உங்கள் நெஞ்சை மோந்தாள். பிறகு கையை. பிறகு நக்கத் தொடங்கினாள், உடுப்பு ஊறிப்போகும் அளவுக்கு. மெசின் வெறுங்காற்றை இழுத்துக்கொண்டே இருந்தது. லொறிச் சாரதி கன்றை நடத்திக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடைவழியால் போனார். நீங்கள் அவளுடைய தலையை இரண்டு கையாலும் அணைத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டீர்கள், அவள் திரும்பாதபடி. கன்று கத்தவில்லை. அந்த நேரத்தில்தான் குழாயில் பால் வந்தது.

ஓலாவ் அதைப் பார்த்தார். சாரதியிடம் ஒரு விரலைக் காட்டினார், ஒன்று மட்டும் என்று. லொறிக் கதவு மூடியது.

உங்களைக் கட்டிப்பிடிக்க ஓடிவந்தேன். விடவில்லை நீங்கள். "அவளை ஏமாத்திப்போட்டன்" என்றீர்கள். பிறகு நாட்கணக்காக அந்த உடுப்பைத் தோய்க்காமல் உடுத்துக்கொண்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாக அது இல்லாமலே கறக்கப் பழக்கினீர்கள். ரோசா நல்ல கறவை மாடாக அந்தப் பண்ணையில் நின்றாள். இதை நான் கொண்டாட்டங்களில் சொல்லிச் சிரிக்கவைப்பேன். நீங்கள் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவீர்கள்.

அதற்குப் பிறகு அதிக காலம் நோய் உங்களை விட்டுவைக்கவில்லை. உங்கள் கடைசிக் கிழமையில் ஆஸ்பத்திரியில் டொக்டர் வந்து அண்ணாவையும் பிள்ளைகளையும் வெளியே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நின்றார்கள். சின்னவள் அழத் தொடங்கியது எனக்குத் தெரிந்தது. உங்கள் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வந்து, குனிந்து, உங்கள் தலையை என்னுடைய நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைக் கதைத்தேன். ஹொல்ம்லியாவில் யாருடையதோ கலியாணம், ஆர் ஆர் வந்தவை, என்ன சாப்பாடு. புதுமருந்து ஒன்று வரப்போகுது என்று பொய்யும் சொன்னேன். நீங்கள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கலியாணத்தில் என்ன நிறச் சீலை என்றுகூடக் கேட்டீர்கள். பிறகு என் சட்டைக்குள் முகத்தை வைத்தபடியே சொன்னீர்கள்:

"கதவை மறைக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். பரவாயில்லை, நில்."

நான் நின்றேன்.

நீங்கள் போன நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லாமல் இருப்பது இதனால்தான், மச்சாள். நீங்கள் தெரிந்துகொண்டுதான் என்மேல் சாய்ந்தீர்கள். அப்படியென்றால் ரோசாவுக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்கும்.