உன் ஃபேன் சத்தம்

மார்ச் 4

என் அருமைக் குருவிக்கு,

அக்கா எழுதுகிறேன். மயங்கி விழுந்துவிடாதே. நான் படித்த நாலாம் வகுப்புக்கு இந்தக் கோழிக் கிறுக்கலே ஜாஸ்தி. ஒரு வாரமாக நீ போனை எடுக்காவிட்டால் வேறு என்ன செய்வது? புறாவா பறக்கவிட முடியும்?

மருந்துக் கடையில் வேலை அதிகமா? உன் முதலாளி சம்பளத்தை மட்டும் மாத்திரை மாதிரி எண்ணித் தருவான், வேலையை மூட்டையாகக் கொடுப்பான். இங்கேயும் அதே கதைதான். ஒரு ஹோட்டலுக்கு மாடி முழுக்கத் திரைச்சீலை தைக்கிறேன். மெஷினோடுதான் குடித்தனம். உன் அத்தானுக்குப் பொறாமை.

காலைப் பிரார்த்தனைக்கும் நீ கூப்பிடுவதில்லை. அம்மா போன பிறகு நீதானே ஆரம்பித்தாய்? "ரெண்டு பேரும் ஓடி ஓடியே போய்ச் சேர்ந்துடுவோம்க்கா. ஏழு மணிக்கு போனைத் திறந்து வெச்சுட்டு, பேசாம, கடவுள் முன்னாடி கொஞ்ச நேரம் சும்மா உட்காரலாம்" என்றாய். கடைசியாகக் கூப்பிட்ட அன்றுகூட, முடிந்ததும் "மனசு லேசாயிடுச்சு குருவி" என்று சொன்னேன். பட்டென்று வைத்துவிட்டாய். லேசானது ஒரு குற்றமா?

பதில் போடு.

உன் ஊசிக்கார அக்கா


மார்ச் 9

அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்பில் கட்டி. அன்று பரிசோதனை முடிவு வாங்கப் போக வேண்டியிருந்தது. அதுவரை உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. பிரார்த்தனை நடுவில்தான் வந்தது. "அக்கா, பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு என்கூட வர்றியா?" என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அப்புறம் அழுதேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் வந்து, மனசு லேசாயிடுச்சு என்றாய்.

நீ போனை மியூட்டில் போட்டுவிட்டுத் தைப்பது எனக்குப் பல நாளாகத் தெரியும். மெஷின் சத்தம் எனக்குக் கேட்காதுதான். ஆனால் உன் தலைக்கு மேல் கடகடக்கும் ஃபேனும் சேர்ந்து செத்துவிடும். பாவம், பிழைப்பு அப்படி என்று சிரித்துக்கொள்வேன். அன்று சிரிப்பு வரவில்லை.

தனியாகத்தான் போனேன். கெட்ட கட்டி இல்லையாம். எடுத்துவிட்டார்கள். நீ கிளம்பி வராதே.

தங்கை


மார்ச் 13

குருவி,

கட்டிலில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தேன். கேலி பேச வாயே வரவில்லை. உன் அத்தான் எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

நீ கேட்டது காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். விழாமல் செய்தது நான்தானே. கடவுளை ஏமாற்றினால் பொறுத்துக்கொள்வார், அவருக்கு நம்மைப் பழக்கம்தான் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருந்தாய் என்பது தோன்றவே இல்லை.

வரத்தான் பையை எடுத்தேன். வந்தால், புண் ஆறாத உடம்போடு நீ எனக்கு டீ போட்டு, அழாதேக்கா என்று வேறு சொல்ல வேண்டியிருக்கும். பையை வைத்துவிட்டேன்.

இப்போது ஏழு மணிக்கு மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு உட்காருகிறேன். முதல் நாள் கடவுளிடம் பேசுகிறேன் என்று மனசுக்குள் திரைச்சீலைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தேன். கால் தானாக மிதித்தது. "யாரை உதைக்கிறே?" என்றார் அத்தான். நேற்றுதான் கால் நின்றது. மனசு லேசாகவில்லை, குருவி. கனத்தது. நீ அழுதது அப்போதுதான் கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை. அந்தக் கனத்தோடேயே கடவுள் முன்னால் உட்கார முடிந்தது. இத்தனை நாள் நீ உட்கார்ந்தது இப்படித்தானா?

திரைச்சீலை இன்னும் முடியவில்லை என்று ஹோட்டல்காரர் கத்துகிறார். பாதி ஜன்னல் அப்படியே இருக்கட்டும், வெயிலுக்கு வாடகை உண்டா என்று கேட்டேன். வேறு தையல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். போகட்டும்.

நீ கூப்பிட வேண்டும் என்று எழுதவில்லை. ஏழு மணிக்கு நான் அங்கே இருப்பேன். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அக்கா


மார்ச் 19

அக்கா,

இன்று காலை நீ ஹலோகூடச் சொல்லாமல் எடுத்தாய். நானும் பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாளைக்குப் பேச வராது என்று நினைக்கிறேன்.

கடைசிவரை ஃபேன் கேட்டது.

அதற்கு எண்ணெய் கிண்ணெய் போட்டுவிடாதே.

குருவி