கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு போடு

தாராவி
4.1.2025

அன்பு மகள் கோகிலவாணிக்கு,

அப்பா எழுதுகிறேன். பூனா கேம்ப்பில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்களாமே! நல்லதுதான். கையில் இருந்தால் நீ ரீல்ஸைத் தூக்கிக்கொண்டிருப்பாய், வெயிட்டை எங்கே தூக்கப் போகிறாய்? ஏழாவது வரைக்கும் உன்னைத் தமிழ் மீடியத்தில் போட்டதற்கு அன்றைக்கு அழுதாயே, இப்போது அதனால்தான் நாம் பேசிக்கொள்ள முடிகிறது.

அம்மாவுக்குச் சளி தேவலை. காரகானாவில் பை தைக்கிற ஆர்டர் குவிந்து கிடக்கிறது, சேட் ஞாயிற்றுக்கிழமையும் மெஷினில் உட்கார வைக்கிறார். அதை விடு. தொண்ணூறடி ரோட்டில் உனக்கு பேனர் வைத்திருக்கிறார்கள் தாயி! நம் சால் லைன் வீட்டுப் பையன்கள் செய்த வேலை. ‘தாராவியின் இரும்பு மகள்’ என்று போட்டு, நீ முறைத்துக்கொண்டு நிற்கிற போட்டோ. பால்காரன்கூட என்னை ‘கோகிலா அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறான். வெயிலுமுத்து என்று ஒரு ஆள் இருந்ததையே மறந்துவிட்டார்கள்.

உங்கள் மனோதத்துவ மேடம் போன் செய்தார். வெயிட் லிஃப்டிங் பிள்ளைகளுக்கு ஆர்வம் எங்கிருந்து வருகிறது என்று டெஸ்ட் வைக்கிறார்களாம், வீட்டிலும் விசாரிக்கிறார்களாம். மகள் தோற்றுவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஒருத்தரும் அவளிடம் பேச மாட்டோம், மறுநாள் காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு பிராக்டிஸுக்குக் கிளம்பினால்தான் பேச்சு, எங்கள் வீட்டுக் கட்டுப்பாடு அப்படி என்றேன். அந்த அம்மாள் அதை ரெண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அசந்து போயிருப்பார்.

முட்டையை ஒளித்து வைக்காமல் சாப்பிடு.

உன் அப்பா,
வெயிலுமுத்து

பூனா
15.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தமிழ் எழுதி ரொம்ப நாள் ஆகிறது. பேனரை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான், கூடவே பயமாகவும் இருக்கிறது.

மேடம் டெஸ்ட் வைத்தார். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒன்றிலிருந்து அஞ்சு வரை இருக்கும். வரி நமக்கு ரொம்பப் பொருந்தினால் அஞ்சு, பொருந்தாவிட்டால் ஒன்று. ‘ஒரு நாள் விளையாடாவிட்டால் தப்பு செய்த மாதிரி இருக்கும்’ என்று ஒரு வரி. முழுசாகப் படிப்பதற்குள்ளேயே அஞ்சைச் சுழித்துவிட்டேன். ‘விளையாடும்போது சந்தோஷமாக இருக்கிறது’ என்று ஒன்று. முன்னாடி இருந்தது அப்பா, இப்போது இல்லை. கம்பியைத் தொட்டாலே வயிற்றைப் புரட்டுகிறது. நாக்பூரில் தோற்று வந்த அன்றைக்கு அம்மா தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது ஞாபகம் வந்துவிடுகிறது.

கடைசியில், ‘நான் விளையாட்டை விட்டாலும் வீட்டில் என் மேல் இதே பிரியம் இருக்கும்’ என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். இதில் பாஸ், ஃபெயில் எல்லாம் கிடையாது, தெரியாவிட்டால் விட்டுவிடு, அப்புறம் போடலாம் என்றார் மேடம்.

எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன போடட்டும் அப்பா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
கோகிலா

தாராவி
24.1.2025

அன்பு மகளுக்கு,

பாஸ், ஃபெயில் இல்லாத டெஸ்ட் உலகத்தில் உண்டா? நீ சின்னப்பிள்ளை, நம்பிவிட்டாய். இங்கே நம் பக்கத்து லேபர் கேம்ப் தெருவில் டியூஷன் எடுக்கிற கணேசபாண்டியன் சாரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். சந்தோஷம், ஆசை என்று வருகிற இடத்தில் எல்லாம் அஞ்சு போட வேண்டுமாம். பயம், தப்பு என்று வந்தால் ஒன்று. போய் மேடத்திடம் பேப்பரைக் கேட்டு வாங்கித் திருத்திக் கொடு.

வீட்டைப் பற்றிய கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. அதற்கு ஒரு சாரா வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு போடு.

வயிற்றுக்கு ஓமத்தண்ணீர் குடி, சரியாகிவிடும். அடுத்த மாதம் டிரையல்ஸ். நல்லபடியாகத் தூக்கிவிட்டு வா தாயி. பேனர் இருக்கிற ரோட்டில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

உன் அப்பா,
வெயிலுமுத்து

டோம்பிவிலி
9.3.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் பானுமதி சித்தி வீட்டில் இருக்கிறேன். சித்தி அம்மாவிடம் சொல்லியிருப்பாள். நான் தப்பான இடத்துக்கு எங்கேயும் போகவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு நிற்கிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே மேடத்திடம் போனேன். மற்ற எதையும் திருத்தவில்லை. அந்தக் கடைசி வரிக்கு மட்டும் அஞ்சு போட்டேன். நிஜமாகவா என்று கேட்டார். எங்கள் அப்பாவே எழுதியிருக்கிறார் என்றேன். மற்றதெல்லாம் கணேசபாண்டியன் சார் சொன்னது, அது ஒன்றுதான் நீங்கள் சொன்னது என்று நினைத்தேன். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அந்த அஞ்சை நம்பித்தான் டிரையல்ஸுக்கு முன்னால் பேரை வாபஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

போனைக் கையில் வாங்கியதும் முதலில் உங்களுக்குத்தான் அடித்தேன். விட்டுவிட்டேன் அப்பா, வீட்டுக்கு வருகிறேன் என்றேன். காரகானா மெஷின் சத்தம் எல்லாம் கேட்டது. நீங்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்புறம் கட் ஆகிவிட்டது. டவர் இல்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தேன். தாதரில் இறங்கிய பிறகுதான் நீங்களே வைத்துவிட்டீர்கள் என்று புரிந்தது. அங்கேயே கல்யாண் லோக்கல் ரயில் பிடித்து இங்கே வந்துவிட்டேன்.

முன்னாடியெல்லாம் ஒரு ராத்திரிதான் அப்பா. விடிந்ததும் நான் ஷூவை மாட்டினால் நீங்கள் டீ கிளாஸை நீட்டுவீர்கள், எல்லாம் சரியாகிவிடும். இப்போது நான் எங்கே கிளம்பினால் பேசுவீர்கள்? தெரிந்தால் கிளம்பிவிடுவேன். பத்தொன்பது வயதில் இதை எப்படிக் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பேனரைக் கழற்றிவிட்டார்கள் என்று சித்தி சொன்னாள். உங்களை யாராவது ஏதாவது கேட்டிருப்பார்கள். அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்னால் ரெண்டு கடிதம் போட்டேன். கிடைத்ததா என்று தெரியவில்லை. சித்தி வீட்டு விலாசத்தைக் கவர் மேல் பெரிசாக எழுதியிருக்கிறேன். பிரியமாக எழுத வேண்டாம் அப்பா. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்,
கோகிலா